காலியாக நின்ற கேப்ஷன்

உதவி என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போது யாராவது பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால்கூட முறைப்பேன். "தாங்க்ஸ் சொல்ற நரம்ப உனுக்கு வெக்க மறந்துட்டாரு கர்த்தரு" என்பாள் என் மனைவி பிரிசில்லா. வைத்திருக்கிறார். எங்கே வைத்தார் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் நடத்தும் சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. புக்கிங்கில் குளறுபடி என்றால் ரிசார்ட்காரர்கள் வீடியோ காலில் வந்து கத்துவார்கள். நான் சரிசெய்து கொடுப்பேன். அவர்கள் கத்துவதில் எனக்கு வருத்தமில்லை. கத்துவது கேட்காமல் போனதுதான் வருத்தம். இரண்டு வருஷமாகக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. மிஷின் வைத்தால் சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை.

எங்கள் மேனேஜர் பாலசுப்ரமணியன் சார் நல்ல மனிதர். அதனால்தான் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தார். "பெஞ்சமின், காலெல்லாம் வேற யாராவது எடுக்கட்டுமே. நீங்க பழைய டேட்டாவ க்ளீன் பண்ணுங்க."

எங்கள் ஆபீஸில் பழைய டேட்டா பக்கம் போனவர் யாரும் அடுத்த தீபாவளி போனஸ் வாங்கியதில்லை. "பொங்கல் சீசன் முடியட்டும் சார், அப்புறம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

கம்ப்யூட்டர் திரையை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் டைலிங் விண்டோ மேனேஜர் ஆள். மற்றவர்கள் திரையில் விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். என் திரையில் தரைக்கு டைல்ஸ் பதித்த மாதிரி அதது அதனிடத்தில் நிற்கும். மவுஸைத் தொடவே மாட்டேன், எல்லாம் கீபோர்டுதான். வலது பாதியில் ஒரு குரூப். அதாவது புக்கிங் பதிவு, டேட்டாபேஸ், மெயில் என்று மூன்று விண்டோக்களுக்கும் சேர்த்து ஒரே இடம். மேலே மூன்று பெயரும் பட்டையாகத் தெரியும், ஒரு கீயைத் தட்டினால் அடுத்தது முன்னால் வரும். இடது பாதியில் மேலே வீடியோ கால், அதற்கு நேர் கீழே, பேசுவது எழுத்தாக வரும் கேப்ஷன் விண்டோ. பேசுபவர் வாயையும் எழுத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தேன்.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் சாஃப்ட்வேரை அங்கே ஓட்டிப் பார்த்தேன். எங்கள் ரிசார்ட்காரர்கள் பேசும் தமிழ் அதற்குச் சுத்தமாக வரவில்லை. பாதி இங்கிலீஷ், பாதி மெட்ராஸ், நடுநடுவே கெட்ட வார்த்தை. பாவம், அதுவும் என்ன செய்யும்.

அப்போதுதான் பூங்கொடி வந்தாள். அச்சரப்பாக்கத்துப் பெண், கூடுவாஞ்சேரி ஹாஸ்டலிலிருந்து வந்துபோகிறாள். எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காருவாள். வீடியோ கால்களில் அவளும் இருப்பாள், குறிப்பெடுக்க. பேச மாட்டாள். "அண்ணா, புதுசா ஒண்ணு வந்துகீது. நான் போட்டுத் தர்றேன்" என்றாள். உதவி என்று சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். சாஃப்ட்வேர் என்றதால் உட்காரவிட்டேன்.

மறுநாளிலிருந்து என் கேப்ஷன் விண்டோவில் தமிழ் பொழிந்தது. பேச்சுக்குக் கொஞ்சம் பின்னால் வந்தாலும் பிசிறில்லாமல் வந்தது. 'பேஜாரு' என்றால் பேஜாரு, 'டபுள் புக்கிங்' என்றால் டபுள் புக்கிங். ஆபீஸில் ஒருத்தரைப் பாக்கி விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே ஒரு தொல்லை இருந்தது. யாராவது திரையைப் பகிர்ந்தால் அந்தப் புது விண்டோ கேப்ஷனின் இடத்தில் புகுந்து அதை மறைத்துவிடும். அதனால் கேப்ஷனைத் தனிக் குரூப்பாக்கிப் பூட்டு போட்டேன். உள்ளே வேறெதுவும் வராது, அதை எதுவும் மறைக்காது.

பூட்டினேனே தவிர, உள்ளே ஓடுவது என்ன என்று எட்டிப் பார்க்கவில்லை. ஓடுகிற வண்டியின் பானெட்டைத் திறக்காதே என்பது எங்கள் தொழிலில் வேதம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு பெரிய ரிசார்ட்டில் கடலைப் பார்த்த ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிட்டது. இரண்டு குடும்பமும் பெட்டியோடு வந்து ரிசப்ஷனில் நின்றன. ரிசார்ட் மேனேஜர் வெங்கடேசன் காலில் வந்தார். எங்கள் சார் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும். பொங்கல் வரை தவணை கேட்டிருந்தேன், என் பொங்கல் அன்றைக்கே வந்துவிட்டது.

'ரெண்டு ஃபேமிலி நிக்கிது. இன்னா பதில் சொல்றது?' என்று கேப்ஷன் வந்தது. பார்க்கிறேன் சார் என்றேன். வெங்கடேசன் மறுபடி ஏதோ சொன்னார். நல்ல நீளமாகவே சொன்னார். வாய் அசைகிறது, விரல் என்னைப் பார்த்து ஆடுகிறது. பக்கத்தில் எங்கள் சாரின் காதுமடல் சிவக்கிறது. கேப்ஷனில் ஒரு எழுத்து இல்லை.

கீழே கர்சர் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. பிறகு, 'ரூம் எப்ப சரியாகும்னு கேக்கிறாரு' என்று ஒரு வரி வந்தது.

மிஷினுக்கு வார்த்தை தெரியாவிட்டால் தப்பாகவாவது எதையாவது கொட்டும். என் மனசு நோகுமே என்று ஒரு மிஷின் வாயை மூடிக்கொள்ளாது. மூடிக்கொள்ள அதற்குள் ஒரு ஆள் வேண்டும்.

தலையைத் திருப்பினேன். இரண்டு வரிசை தள்ளி பூங்கொடி ஹெட்போனோடு குனிந்திருந்தாள். விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றிருந்தன.

கேப்ஷனின் பூட்டை எடுத்து உள்ளே பார்த்தேன். சாஃப்ட்வேரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு வெள்ளைப் பக்கம், அவ்வளவுதான். அதில் நானே தட்டினேன்: 'அவரு இன்னா சொன்னாரு? முழுசா போடு.'

கோடு மினுக்கியது. 'வேணாம் அண்ணா' என்று வந்தது.

'போடு.'

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 'செவுட்டு ஆள உக்கார வெச்சிக்கினு இன்னா கம்பெனி நடத்துறீங்க. காது கேக்கற ஆளா போடு. இல்லன்னா நாங்க வேற கம்பெனி பாத்துக்கிறோம்.'

படித்தேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசியது, வெகுநாளைக்குப் பிறகு எனக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"சார், காது மந்தம்தான். நீங்க சொன்னது முழுசா வந்துடுச்சி" என்றேன். வெங்கடேசனின் விரல் பாதியில் நின்றது. "இப்ப ரூம பாப்போம்."

வலது குரூப்புக்குத் தாவினேன். பதிவைப் பார்த்து, டேட்டாபேஸைப் பார்த்து, மெயிலையும் புரட்டினேன். பெயின்ட் வேலைக்காக அந்த அறையை மூடியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும், மூடியதைத் திறக்காமல் புது அறை என்று இன்னொரு பெயரில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு யாரோ பழையதையும் திறந்துவிட்டார்கள். ஒரே அறைக்கு இரண்டு பெயர். "உங்க ரிசப்ஷன்ல நடந்தது சார்" என்று திரையில் காட்டினேன். ஒரு பெயரை எடுத்துவிட்டு, அதே மாடியில் காலியாக இருந்த அறையை இரண்டாவது குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்தேன்.

'சாரி சொல்றாரு அண்ணா. நெசமாவே சொல்றாரு' என்று வந்தது.

கால் முடிந்ததும் சார் எழுந்து என் தோளில் கை வைத்தார். வழக்கமாகத் தட்டிவிடுவேன், அன்றைக்கு விட்டுவிட்டேன். "பழைய டேட்டா அப்படியே கிடக்கட்டும்" என்றார், நான் வாயைப் பார்க்கும்படி திரும்பி நின்று. நடந்ததை அப்போதே அவரிடம் சொன்னேன். பூங்கொடியையும் கூப்பிட்டேன். அவள் தப்பு செய்தவளைப் போல வந்து நின்றாள்.

"இத்தினி மாசமா உன் வேலைய எப்ப பாத்த நீ?"

"கால் முடிஞ்சப்புறம்தான் அண்ணா. கடைசி பஸ்ஸ புடிச்சிடுவேன்."

"எதுக்கு?"

அவள் சாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஒரு நாள் மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க, கடைசீல. இன்னாத்துக்கு சிரிக்கிறோம்னே உங்களுக்கு தெரில. வூட்டுக்கு போயும் எனக்கு சோறு எறங்கல."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "தாங்க்ஸ் பூங்கொடி" என்றேன். நாற்பத்து நாலு வயதில் முதல்முதலாக மனசார அந்த வார்த்தையைச் சொன்னேன். குரல் உடைந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனிமேல் கேப்ஷனும் அவள் வேலை நேரக் கணக்கில்தான் என்று சார் அங்கேயே சொல்லிவிட்டார். பொங்கல் கழித்து அவள் கம்ப்யூட்டரிலும் டைலிங் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய வேலையெல்லாம் ஒரு குரூப், என் கேப்ஷன் பக்கம் ஒரு குரூப், இடையில் தாவ ஒரே கீ. பூட்டு எதற்கும் போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இனி எதையும் விடக்கூடாது, யார் என்ன சொன்னாலும் அப்படியே வர வேண்டும்.

நேற்று ஒரு ரிசார்ட்காரர் வழக்கம்போல வாயைத் திறந்தார். கேப்ஷன் நிற்காமல் ஓடியது: 'திட்றாரு அண்ணா. முழுசா போட்டுட்டேன் பாத்துக்கோங்க. அவரு மூஞ்சிக்கு பின்னாடி கீற பொம்பள சிரிக்கிறாங்க. உங்கள இல்ல, அவர பாத்து.'

நானும் சிரித்தேன். இந்த முறை எங்கள் ஆபீஸில் முதலில் சிரித்தது நான்தான்.