வேளைக்கு இரண்டு

கிரேன் ஓட்டுநருக்குக் காலையிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதே வேலை பார்த்த அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணனை யாரும் கிரேனில் ஏற்றவில்லை.

மருத்துவர் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"வேளைக்கு ரெண்டு சளி மாத்திரை முழுங்குறாரு டாக்டர்," என்றாள் மனைவி.

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? மேல உக்காந்து தும்மினா கை ஆடும். கீழ ஆளுங்க நிப்பாங்க."

"அந்த மாத்திரைதான் சிறுநீரை அடைச்சிருக்கு. ப்ராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் பெருசு, ஆனா ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையை நிறுத்துங்க."

"அப்ப மேல ஏறலாமா?"

"தும்மல் நின்னதும் ஏறுங்க."

மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் வீட்டுல தும்முங்க. அங்க யார் தலையிலயும் இரும்பு விழாது."