மாலை போட்டவனின் காக்டெயில்

மும்பை செம்பூரில் நிகில் நடத்தும் பாருக்குத் தேயிலையை ஊறவைத்து வடித்த சாராயம் புதிதாக வந்திருந்தது. பார்க்கத் தண்ணீர்போல இருக்கும். மூடியைத் திறந்தால் மலைத் தேயிலை மணக்கும். அதில் நல்ல காக்டெயில் போடுகிறவனுக்குத்தான் பவாயில் திறக்கப்போகும் கிளையின் பொறுப்பு என்று நிகில் சொல்லியிருந்தான்.

தாராவியிலிருந்து வேலைக்கு வரும் பேச்சிராஜாவுக்கு அந்தப் பொறுப்பு கிடைக்க வேண்டுமென்று அவன் மனைவி கலைச்செல்வி ஐயப்பனுக்கு நேர்ந்து, மாலையும் போட வைத்துவிட்டாள். மாலை போட்டவன் மதுவை நாக்கில் வைக்கக் கூடாது. ருசி பார்க்காமல் காக்டெயில் போடவும் முடியாது. மாலையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மூக்கை நம்பி வேலையில் இறங்கினான்.

நிறம் வேண்டுமென்று, தாராவி டீக்கடைகளில் செய்வதுபோலத் தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி அந்தச் சாயத்தைச் சாராயத்தில் கலந்தான். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்தான். மணம் பிரமாதமாக இருந்தது. உடன் வேலை செய்யும் கண்ணாவிடம் கிளாஸை நீட்டினான். கண்ணாவும் அதே பொறுப்புக்குக் காத்திருப்பவன்.

ஒரு மடக்கு குடித்த கண்ணா முகத்தைச் சுளித்தான். “கசக்குதுண்ணே. டீச்சாயத்தப் பாதியாக் கொறைங்க.”

“கொறைச்சா ஒனக்கு வசதில்லா?”

“ஐயப்பன் சத்தியமாச் சொல்லுதேன்.”

“சாமிய இதுல இழுக்காதல.”

பேச்சிராஜா ஒரு சொட்டும் குறைக்கவில்லை.

சாயங்காலம் நிகில் வந்து ஒரு வாய் உறிஞ்சினான். நேரே சிங்க்கில் துப்பினான். “அரே, இதென்ன கஷாயமா? டேஸ்ட் பண்ணிப் பாக்கலையா நீ?”

பேச்சிராஜா சட்டைப் பொத்தானைக் கழற்றி மாலையைக் காட்டினான்.

நிகிலின் குரல் சட்டென்று தாழ்ந்தது. கைகூட லேசாகக் குவிந்தது. “சாரி, சாமி. முன்னாடியே சொல்லப்படாதா? மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நீங்க கிச்சன் பக்கம் இருங்கோ. பவாயைக் கண்ணா பாத்துக்கட்டும்.”

“நான் சொன்னேம்லாண்ணே” என்றான் கண்ணா, மெதுவாக. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பேச்சிராஜா பொத்தானைப் போட்டுக்கொண்டு கிச்சனுக்குப் போனான்.

வீட்டில் கலைச்செல்வி விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தாள். “என்னாச்சு சாமி?”

“கண்ணா கவுத்துட்டான். கசக்குதான்னு கேட்டேன். ஜோரா இருக்குன்னு சொன்னான்.”

“வெளங்குவானா அந்தப் பாவி!” தட்டை வைத்தபடியே அவள் கண்ணாவின் அம்மாவிலிருந்து தொடங்கினாள். இன்னும் பிறக்காத பிள்ளைகள்வரை ஒருவரையும் விடவில்லை.

பேச்சிராஜா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். “இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்து” என்றான்.