மருந்து ஆகாது

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் புரோகிராமைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதை எழுதியவர்கள் சிவகாசிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தீக்காயத்துக்குக் காரணம் கேட்கிறது. அடுப்பு, மின்சாரம், வெந்நீர் எல்லாம் உண்டு, பட்டாசு இல்லை. பழைய புரோகிராமில் விருதுநகர்க்காரர் ஒருவரைக் கொண்டு அதை நாங்களே சேர்த்திருந்தோம். புதியதில் கை வைக்க இங்கே யாருக்கும் அனுமதி கிடையாது.

அன்று மதியம் நான் நர்ஸ் டியூட்டியில் இருந்தபோது குருவம்மாளைத் தூக்கி வந்தார்கள். ஆமத்தூர்க்காரி, பட்டாசு ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது.

"மருந்து பட்டுருச்சு தாயி. எரிச்சல் தாங்க முடியல."

காரணப் பட்டியலில் பட்டாசு இல்லாததால், சேர்க்கை மேசையில் ஐஸ்வர்யா அவள் சொன்னதை அப்படியே தட்டினாள்: 'மருந்து பட்டதால் புண்.' இந்த ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். அந்தச் சனியனுக்கு அது தெரியுமா? மருந்து ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு, குருவம்மாள் பேருக்கு எல்லா மருந்தையும் பூட்டிவிட்டது.

டாக்டர் காளீஸ்வரன் வலிக்கு ஊசி எழுதினார். மருந்தகத்தில் திரை சிவந்தது. டாக்டரே வந்து தட்டிப் பார்த்தும் அந்த ஒவ்வாமை வரி அழியவில்லை.

"பில் விழாம நான் எடுத்துக் குடுக்க முடியாதுக்கா. எனக்கு வேலை போயிரும்" என்றான் மருந்தகத்துப் பால்பாண்டி. குருவம்மாள் முனகுவது அங்கே வரை கேட்டது.

புரோகிராம் எழுதிய கம்பெனிக்குப் போன் போட்டேன். ஹரிபிரசாத் என்பவர் எடுத்தார்.

"நோயாளியோட பாதுகாப்புக்காகத்தான் மேடம் பூட்டியிருக்கோம். மெயில் போடுங்க, அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்."

"அதுவரைக்கும் அவுகளுக்கு வலிக்காம இருக்குமா சார்?"

"மெயில் போடுங்க மேடம்" என்றார் மறுபடியும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

டாக்டர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க, எதிர்க்கடைக்கு ஓடி ஊசி வாங்கி வந்து போட்டேன். அலமாரி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு தெருவில் வாங்கிப் போட்டதை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கம்ப்யூட்டர் தானாகவே அறிவுரைத் தாள் ஒன்றை அடித்துத் தந்தது. குருவம்மாள் வாசிக்கச் சொன்னாள். எனக்கு நா கூசியது.

"இவருக்கு மருந்து ஆகாது. இனி எங்கும் மருந்தைத் தவிர்க்கவும்."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"சரியாத்தான சொல்லுது. தீவாளி சீசன் ஆரம்பிச்சிருச்சு. வேற சோலி எங்கன இருக்குன்னு அதுக்கிட்டயே கேளு தாயி."