கூடத்திலிருந்து சமையலறைக்கு

இந்த உலகத்தில் இன்னொருவர் மூலமாகப் பேசாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நன்றாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். யாரிடமாவது ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கல்லூரியில் எங்கள் துறைத் தலைவரிடம், உங்கள் வகுப்பில் தூக்கம் வருகிறது சார் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் வருவதாகச் சொன்னார்.

இப்பேர்ப்பட்ட நான் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே பேச்சைச் சுமந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். முன்பெல்லாம் நடந்தே போவோம். மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பிதழ் கூரியரில் வந்த நாளிலிருந்துதான் இப்படி. மாமா நேரில் வந்து அழைக்கவில்லை. அதில் அப்பாவுக்கு வருத்தம். மனுஷனுக்கு மனுஷன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டாமா என்று கேட்டார். இதை மாமாவிடம் கேட்கவில்லை. மாமாவின் அக்காவான அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அவளிடமும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். போய்ச் சேர வெகுநேரம் ஆனது. வீட்டுக்கு நடுவே இருக்கும் நடை அன்றுதான் நீள ஆரம்பித்தது.

அப்புறம் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நிறுத்தம் வந்தது. பூஜை அறை வாசலில் இன்னொன்று. ஆள் நிரம்பாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். குழம்பில் உப்புக் கம்மி என்று அப்பா மதியம் சொன்னால், நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அம்மா ராத்திரிக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். போட்டுக்கச் சொல்லு, கை இருக்குல்ல என்பாள். திரும்பி வந்து சொன்னால், எதற்குக் கை என்று அப்பாவுக்கு மறந்துபோயிருக்கும்.

எல்லா வீட்டிலும் நடை நீண்டிருந்தது. நாலாவது மாடியில் ஒரு வீட்டில் டோல்கேட்டே வந்துவிட்டது. ஆகவே குடியிருப்போர் சங்கம் கூடி, சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்தது. பெரிய நிறுவனங்களில் ஓடுவதாம். அங்கே ஆயிரம் சேவைகள் ஒன்றோடொன்று பேசுமாம். ஒன்றுக்கொன்று முகம் தெரியாதாம். அதனால் சண்டையே வராதாம்.

கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஒரே வீட்டில் இருக்கும் ரெண்டு வாய் பேசிக்கொள்ள மூன்றாவதாக ஒரு மென்பொருளா, அப்படியானால் வாயைக் கொட்டாவி விடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மென்பொருளுக்குக் கை தூக்கினார்கள்.

நிறுவனத்திலிருந்து ஜெயசிங் என்பவர் வந்தார். முதலில் அவருடைய டை வந்தது. கொஞ்சம் கழித்து அவர் வந்தார். இனிமேல் இந்த வீட்டில் ஆட்கள் இல்லை, சேவைகள்தான் என்று அன்போடு விளக்கினார். யார் எப்படிச் செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கேட்டால் வரும். காபி கேட்டால் காபி வரும். அது அம்மாவிடமிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பது குடிப்பவருக்குத் தேவையில்லாத விஷயம்.

ஒவ்வொருவர் மீதும் ஒரு சீட்டு ஒட்டினார். அம்மாவின் மீது: காபி, சமையல், கவலை. அப்பாவின் மீது: செய்தித்தாள், கரண்ட் பில், கவலை.

ஜெயசிங் நெற்றியைச் சுருக்கினார். "கவலை ரெண்டு எடத்துல ஓடுது."

"ரெண்டும் இவனைப் பத்திதான்" என்று அப்பா என்னைக் காட்டினார்.

"அப்ப ஒண்ணு போதும் சார். ஒரே வேலையை எதுக்கு ரெண்டு பேர் பாக்கணும்?"

அப்பாவின் கவலையை அப்போதே எடுத்துவிட்டார். அப்பாவின் முகம் பள்ளிக்கூட மைதானம் மாதிரி காலியாகிவிட்டது. அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். நல்லா சுத்துதே என்றார். அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததே இல்லையாம்.

பிறகு ஜெயசிங் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். இவர் என்ன செய்கிறார் என்று அப்பாவிடம் விசாரித்தார். நாங்கள் சொல்வதை எடுத்துக்கொண்டு போவான் என்றார் அப்பா. மாற்றாமல் அப்படியேவா என்று ஜெயசிங் கேட்டார். அப்படியே என்றார் அப்பா. ஜெயசிங் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் சட்டையில் 'பழைய இணைப்பு' என்று ஒட்டினார்.

"பழைய இணைப்பை உடனே நிறுத்த மாட்டோம் தம்பி. யாராச்சும் இன்னும் பயன்படுத்துறாங்களான்னு ஒரு வாரம் பாப்போம். ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை உங்களை நேரா கூப்பிட்டாக்கூட விட்டுடுவோம்."

"கூப்பிடலைன்னா?"

"நிறுத்திடுவோம்."

"நிறுத்துனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வீட்டுல யாருக்கும் தெரியவே தெரியாது. அதுதான் இதோட பெரிய நன்மை."

நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டால் செல்லுமா என்று கேட்டேன். செல்லாது என்றார். வேறொரு வழி இருப்பதாகவும் சொன்னார். மென்பொருள் மூலமாக நான் யாரிடமாவது எதையாவது கேட்டுவிட்டால் நான் பயனாளி ஆகிவிடுவேன். பயனாளியை அவர்கள் தொட மாட்டார்கள்.

அதற்கு என்னை நிறுத்தியே விடலாம் என்று சொன்னேன். வாயுள்ளவன் நான் என்றும் சொன்னேன். ஜெயசிங் இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

மென்பொருள் எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் ஒரு விளக்கு தேவைப்பட்டது. எதிர்வீட்டுப் பராங்குசம் சார் தாமாக முன்வந்தார். ரிட்டயரான நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். மறுநாள் காலையில் அவர் பச்சை விளக்காகிவிட்டார். ஒரே சமயத்தில் எல்லா வீடுகளிலும் எரிந்தார். எங்கள் கூடத்தில் டிவிக்கு மேலே, சமையலறையில் மிக்ஸிக்கு மேலே. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. யாராவது பதில் சொல்லத் தாமதித்தால் மஞ்சள். அவருடைய மனைவி மைதிலி ஆன்ட்டி தினமும் வந்து அவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்றாள்.

மென்பொருள் நன்றாக வேலை செய்தது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா விளக்கைப் பார்த்து, இதெல்லாம் ஒரு குழம்பா என்றார். சமையலறையில் அது, குழம்பு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். அம்மா, கொட்டிக்கட்டும் என்றாள். தாராளமா சாப்பிடச் சொல்லுங்க என்று கூடத்தில் கேட்டது. அப்பா வெட்கப்பட்டார். அவர்கள் நாள் முழுக்கப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜியில் வாழைக்காயே இல்லை என்கிற விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா சிரித்த சத்தம் நடையில் பாதி தூரம் வரை போனது.

ஷேர் ஆட்டோ நின்றுபோனது. டிரைவர் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். ஃபிரிட்ஜ் நிறுத்தத்தில் மட்டும் யாரோ வெகுநாள் காத்திருந்தார்கள்.

அம்மாவின் கவலை தரமாக இருந்ததால் மொத்த அடுக்ககமும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் இந்த முறையின் சிறப்பு. மூன்றாம் மாடிப் பெண்ணின் பிரசவத்துக்கு அம்மா கவலைப்பட்டாள். ஏ பிளாக் பையனின் குரூப் டூ தேர்வுக்குக் கவலைப்பட்டாள். முகமே தெரியாத யாருடைய சர்க்கரைக்கோ உட்கார்ந்து கவலைப்பட்டாள். என் கவலை வரிசையில் இருந்தது. எனக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு அதில் வருத்தமில்லை. நிம்மதி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் தட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. முதலில் டிபன் தட்டு. பிறகு சாசர். பிறகு டபராவின் அடிப்பக்கம். அதில் ஒரே ஓர் இட்லியை நிறுத்தி வைக்க வேண்டும். கண்ணாடி முன் நின்றால் நான் தெரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. என் நாற்காலியில் அயர்ன் துணி அடுக்கியிருந்தார்கள். அது அந்த நாற்காலிக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

ஒருநாள் அப்பா என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "டேய்..." என்று வாயெடுத்தார். நான் எழுந்தேவிட்டேன். பழக்கதோஷம் என்று முனகிவிட்டு விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். பேர் சொல்லாததால் அது கணக்கில் வராது என்று ஜெயசிங் போனில் சொன்னார். அவருக்கு நான் போனே செய்யவில்லை.

கடைசி நாள் வந்தது. மாலையில் ஜெயசிங் வருவார். தட்டு இருந்த இடத்தில் அன்று ஒரு பாட்டில் மூடி இருந்தது. அதுவும் காலியாக இருந்தது.

அம்மாவை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். ஷேர் ஆட்டோ இல்லாததால் நடந்தேன். ஃபிரிட்ஜைத் தாண்டினேன். பூஜை அறையைத் தாண்டும்போது அங்கே வெயில் அடித்தது. மைல் கல்லில் 'சமையலறை' என்று எழுதியிருந்தது, எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. தாளிக்கும் வாசனை வந்தபோது அழுகை மாதிரி ஏதோ வந்தது. கடுகுதான் காரணம்.

சமையலறை வாசலில் நின்றேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் புடவைத் தலைப்பைத் தொட்டுவிடலாம். பக்கவாட்டில் உதடு அசைவது தெரிந்தது. யாருக்காகவோ கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்து, டேய் பரணி என்பாள். முடிந்தது விஷயம்.

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பெற்ற பிள்ளை ஒரு வாரமாக வீட்டில் இருக்கிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எதற்குப் போய்க் கூப்பிட வேண்டும்? மனுஷனுக்கு மனுஷன், முகத்தைப் பார்த்து, அவளாகக் கூப்பிடட்டுமே.

வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா ரசத்தை இறக்கினாள். கொத்தமல்லி கிள்ளிப் போட்டாள். கூடத்தில் காலிங்பெல் அடித்தது. ஜெயசிங்கின் டை நடையில் வந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜைத் தாண்டிவிட்டது.

நான் மிக்ஸிக்கு மேலே பார்த்தேன். பராங்குசம் சார் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"சார், எங்கம்மாகிட்ட சொல்லுங்க. பரணி இன்னும் சாப்பிடலையாம்."

அவர் பச்சையானார்.

அம்மா திரும்பவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள்.

"அவனைக் கை கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

விளக்கிடமிருந்து அது வந்து சேரும்வரை வாசலிலேயே காத்திருந்தேன்.