உள்பக்கத் தாழ்ப்பாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு அத்தை அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"போட்டுக்கிட்டே வாங்கம்மா, பரவாயில்லை" என்றார் தரகர்.

"உங்களுக்குப் பரவாயில்லை. துடைக்கிறவளுக்கு?"

தரகர் சிரித்தார். தம்பி மகன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தான். "அங்க வந்து உங்க வேலையப் பத்திப் பேச்செடுக்காதீங்க அத்தை. நல்ல நாளும் அதுவுமா."

அத்தையின் வேலை, கடன் கட்ட முடியாமல் பேங்க் எடுத்துக்கொண்ட வீடுகளைக் கழுவிக் கொடுப்பது. பூட்டுக்காரன் வந்து பூட்டை மாற்றுவான். அவன் போனதும் அவளும் இன்னொருத்தியும் வாளியோடு நுழைவார்கள். விட்டுப்போன சாமான்களை மூட்டை கட்டுவார்கள், சுவரைத் தேய்ப்பார்கள், தரையைக் கழுவுவார்கள். சாயங்காலம் அங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்பதுபோல் ஆக்கிவிட்டுப் போவார்கள். பதினாலு வருடமாக இதுதான்.

தம்பி மகனும் அவன் மனைவியும் தரகர் பின்னாலேயே மாடி ஏறினார்கள். அத்தை ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்று. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. மருமகள் மேல் அறையின் சுவரோரம் நின்று கையை விரித்துச் சாண் போட்டாள். தொட்டிலுக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஐந்து மாதம்.

தரகருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அத்தை அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"மாசம் எவ்வளவுடா?"

சொன்னான்.

"ஒன் சம்பளத்துல பாதிக்கு மேல போகுதே."

"ஓவர்டைமச் சேத்தா பாதிகூட வராது."

"ஓவர்டைமச் சம்பளம்னு எவன் சொன்னான்?"

"பேங்க்லயே சொன்னாங்க."

"சொல்லுவாங்க. அவங்க வாய்க்கென்ன வாடகையா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துகிற கம்பெனி. இரண்டு வருடமாக ராத்திரி வேலை ஓயாமல் வருகிறது.

"மாடி கட்டக் கட்ட லிஃப்ட் போட்டுத்தான் ஆகணும் அத்தை. எங்க வேலை நிக்காது."

"கட்டுறதே நின்னுபோச்சுன்னா?"

"நின்னா அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பப் பாக்க என்னத்த வச்சிருக்க? கையில இருந்ததெல்லாம் முன்பணத்துக்குப் போயாச்சு. இவ இன்னும் மூணு மாசத்துல வீட்டுல உக்காந்துருவா. அதப் பேங்க்ல சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"வயிறு தெரியலையாமா அவங்களுக்கு?"

"அன்னைக்கு இவரோட சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அத்தைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகு, பேசக்கூடாது என்று சொன்னதைப் பேசினாள்.

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு டிராயர் இருக்கும்டா. சமையலறையில, இல்லேன்னா டிவிக்குக் கீழ. இழுத்தா பேங்க்லேர்ந்து வந்த கவரா இருக்கும். முதல் நாலஞ்சப் பிரிச்சிருப்பாங்க. ஒழுங்கா, கத்திரியால வெட்டி. அதுக்கப்புறம் வந்த ஒண்ணக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணக்கூடத் தூக்கிப் போட்டிருக்கவும் மாட்டாங்க. எல்லாம் படிச்சவங்கதான். உன்ன மாதிரி கணக்குப் போட்டு வாங்கினவங்கதான்."

"ஆரம்பிச்சாச்சா?" என்றான். "அத்தை, ஆஸ்பத்திரியிலயே இருக்கிறவனுக்கு ஊர்ல எல்லாரும் நோயாளியாத்தான் தெரிவாங்க. ஒழுங்கா கட்டுறவன் வீட்டுக்கு உங்களக் கூப்பிடுவாங்களா? எத்தனை பேரு கட்டி முடிச்சு நிம்மதியா இருக்கான்? அவன் டிராயர நீங்க பாத்திருக்கீங்களா?"

அத்தை பாத்ததில்லைதான்.

அவன் குரலை இறக்கினான். "இங்க வாங்க."

சமையலறைக்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது. திறந்தான். சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் வெயில் அடித்து அறைக்குள் மஞ்சளாக விழுந்திருந்தது.

"இது உங்களுக்கு" என்றான்.

அத்தை கதவைப் பார்த்தாள். உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். விரலால் தள்ளினாள். எண்ணெய் போட்டதுபோல் போய் விழுந்தது.

அவன் அப்பா, அத்தையின் தம்பி, வெளியூர் வேலைக்குப் போனபோது பையனுக்கு ஒன்பது வயது. மனைவி செத்து ஒரு வருடம். மாதாமாதம் பணம் அனுப்புவதாகப் பேச்சு. இரண்டு வருடம் அனுப்பினான். பிறகு போன் நம்பரை மாற்றிக்கொண்டான். ஒற்றை அறை வாடகை வீட்டில், நடுவில் ஒரு திரையைக் கட்டி, அத்தை பையனை வளர்த்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு, பெண்கள் தங்குமிடத்தில் ஒரு கட்டிலுக்குப் போனாள். அறையில் நாலு கட்டில். நாலு பேருக்கும் நாலு அலாரம். கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக்கூடாது. அது அங்கே விதி.

தாழ்ப்பாளைத் திறந்தாள். மறுபடி போட்டாள்.

"வேண்டாம்டா" என்றாள். "ரெண்டு அறை வீடாப் பாரு. எனக்கு அறை வேணாம். ஒன் சம்பளம் மட்டும் தாங்குற மாதிரிப் பாரு. பாதிக் கடன். புள்ள பொறந்து, இவ வேலைக்குத் திரும்பட்டும். அப்புறம் பெருசாப் பாத்துக்கலாம்."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தரையைப் பார்த்தாள்.

"என்னடா?"

"புதன்கிழமை பேங்க்லேர்ந்து உங்களுக்குப் போன் வரும்."

"எனக்கெதுக்கு?"

"கொஞ்சம் வருமானம் இடிச்சது. அதனால நீங்க எங்களோட இருக்கப் போறதாவும், இந்த அறைக்கு மாசா மாசம் வாடகை குடுக்கிறதாவும் எழுதியிருக்கேன்."

எவ்வளவு என்று கேட்டாள். சொன்னான். அவள் கூலியில் பாதி.

"என்னக் கேக்காமலா?"

"பேப்பர்ல மட்டும்தான் அத்தை. நெசமா ஒரு பைசா வாங்குவேனா உங்ககிட்ட?"

"அப்போ வீட்டையும் பேப்பர்ல மட்டும் வாங்கு."

"பாத்தீங்களா? நான் நல்லா இருக்கிறது உங்களுக்கே புடிக்கலை. நீங்க வாடகைக்கே கெடந்தீங்க, நானும் கெடக்கணும். அதான?"

திரைக்கு அந்தப் பக்கம் அவன் படிக்க விளக்கு எரியட்டும் என்று பத்து வருடம் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் அத்தை. செருப்பைத் தேடினாள்.

மருமகள்தான் வாசல் வரைக்கும் வந்தாள். சண்டைக் குரலே இல்லை அவளுக்கு.

"ஆமான்னாலும் ஒரு வார்த்தைதான் அத்தை, இல்லைன்னாலும் ஒரு வார்த்தைதான். இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க அந்த ரூம்லயே பெத்துக்கிறோம். திரை இன்னும் இருக்கு. எடுத்துக் கட்டிக்கிறோம்."

பஸ்ஸில் மூவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். இடம் இருந்தது.

புதன்கிழமை வேலை நகரத்தின் மறுகோடியில். கூட வேலை செய்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். வேனில் ஏறும்போது வாயைத் திறந்தால் இறங்கும்போதுதான் மூடுவாள். அத்தை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இல்லைன்னு சொல்லிரு" என்றாள் ரேடியோ, சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டே. "ஒரு வருஷம் பேச மாட்டான். அப்புறம் பேசுவான்."

"பேசாட்டி?"

"பேசாட்டி என்ன, இப்ப மட்டும் தெனம் போன் பண்ணிச் சாப்பிட்டியான்னு கேக்குறானா?"

அத்தை டிராயரை இழுத்தாள். இருந்தது. மேலே ஒரு ரப்பர் பொம்மை, கீழே கவர்கள். ஆறு பிரித்தவை. மற்றவற்றை எண்ணவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் பேங்குக்குத் திருப்பவேண்டிய பையில் போட்டாள்.

"இல்லேன்னா ஆமான்னே சொல்லு" என்றாள் ரேடியோ. "நாலு பேரு இப்படி வாங்கினாத்தான நமக்கு வேலை நெரந்தரம்."

அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா சொன்னேன்டி. அதுக்கு ஏன் இப்படி மொறைக்கிற? நாளைக்கே அவன் வீட்டுக்குக் கழுவப் போகணும்னா உன்ன அனுப்ப மாட்டாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு சட்டமே இருக்கும்."

"அப்படியெல்லாம் ஒரு சட்டமும் இல்லை" என்றாள் அத்தை.

மாடியில் பிள்ளைகள் அறை. கூரை முழுக்க நட்சத்திர ஸ்டிக்கர். விளக்கை அணைத்தால் பச்சையாக மினுங்குகிற வகை. ஏணியைப் போட்டு ஏறி, பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பசை காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. நட்சத்திரத்தோடு கொஞ்சம் பெயிண்டும் வந்தது. அதற்குக் கூலியில் பிடிப்பார்கள்.

மூன்று ராத்திரியாக, நாலு கட்டில் அறையில் படுத்து, 'இல்லை' என்று சொல்லிப் பழகியிருந்தாள். 'இல்லைங்க, நான் அங்க இருக்கப் போறதில்லை. எழுதினது தப்பு.' நன்றாகத்தான் வந்தது. சொல்லி முடித்ததும் அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் தானாகப் போய் விழும். திரும்பப் படுத்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து சொல்வாள்.

போன் அடித்தது.

ஏணியிலிருந்து இறங்கினாள். கீழே ரேடியோ எதையோ பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தேடிய கை வெறும் மரத்தைத் தடவியது. கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். திருகு இருந்த இடத்தில் நாலு ஓட்டை. முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள்.

பேங்கிலிருந்து ஒரு பெண். இளம் குரல், மரியாதையான குரல். அத்தையின் பெயரைச் சொல்லி, சரிதானா என்றாள். சரி என்றாள் அத்தை. தம்பி மகனின் பெயரைச் சொல்லி, என்ன உறவு என்றாள். சொன்னாள்.

"புது வீட்டுல அவரோடதான் இருக்கப் போறீங்களாம்மா?"

கட்டில் இருந்த இடத்தில் தரை நிறம் மாறி நீளமாகத் தெரிந்தது. இன்னும் அதைத் தேய்க்கவில்லை.

"அம்மா?"

"ஆமா" என்றாள் அத்தை.

"வாடகை குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"பேப்பர்ல போட்டிருக்கிற தொகைதானே?"

"அதேதான்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கிளீனிங் வேலைன்னு போட்டிருக்கு. அது தொடர்ந்து இருக்குமா?"

"இருக்கும். இப்பக் கூடிக்கிட்டுதான் இருக்கு."

"ரொம்ப நல்லதும்மா." மறுபடி தட்டல். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. கடன் முப்பது வருஷத்துக்கு. உங்களுக்கு இப்ப ஐம்பத்தெட்டு."

"ஆமா."

"இதுல ஒரு கட்டம் காலியா இருக்கு, நெரப்பாம அடுத்ததுக்குப் போக முடியலை. முப்பது வருஷமும் நீங்க அங்கயே இருந்து வாடகை குடுப்பீங்கன்னு போட்டுக்கட்டுமாம்மா?"