நல்ல காலம் பிறந்த தேதி

அலுவலக அடையாள அட்டைக்குப் புகைப்படம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்தவர், தன் முகத்தைத் தேடப் போய் ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார். மனைவியும் மகளும் செருப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். வரி ரசீதுகள், மகளின் கல்லூரிப் பாடங்கள், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஃபோல்டர். அதன் மூலையில் குட்டியாக ஒரு பூட்டுப் படம். பெயர், 'என்னுடையது'.

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவருக்கு ஆடிட்டர் என்று பெயர். வேலை என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர்தான். கடைக்குப் போய் வந்தால் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார், போன் அடித்தால் எடுப்பதற்குள் யாரென்று கேட்பார், அதனால் மகள் வைத்த பெயர் அது. அவள் தன் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். மனைவியின் மின்னஞ்சல், வங்கி அட்டை, எல்லாவற்றின் ரகசிய எண்ணும் அவருக்கு மனப்பாடம். அவளுக்கு மறந்துபோனால் அவரிடம்தான் கேட்பாள். கட்டிய நாளிலிருந்து அவர் சொல்லி வருவது ஒன்றுதான்: "மடியில கனமில்லன்னா வழியில பயமெதுக்கு?" அப்படிப்பட்ட வீட்டில் 'என்னுடையது' என்று ஒன்று, அதற்கு ஒரு பூட்டு வேறு!

இது யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில், நோயாளிகளின் அறிக்கைகளை இப்படித்தான் பூட்டி அனுப்புவார்கள். சின்ன மென்பொருள், இலவசம். ஃபோல்டரை அதில் போட்டு ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெறும் கிறுக்கலாக மாறிவிடும்; சொல் தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. இதையெல்லாம் அவளே ஒருநாள் சாப்பிடும்போது ஆசையாகச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் செய்தி பார்ப்பது வழக்கம்.

அமுக்கினார். ஒரு கட்டம் வந்தது. அதன் கீழே, மறந்துவிட்டால் நினைவூட்ட என்று அவளே எழுதி வைத்த குறிப்பு: 'எனக்கு நல்ல காலம் பிறந்த தேதி'.

ஆடிட்டர் சிரித்தேவிட்டார். அட பைத்தியமே! பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறாளே! வந்த கோபத்தில் பாதி போய்விட்டது. கல்யாணத் தேதியை அடித்தார்.

தவறு என்றது கணினி.

வருடத்தை முழுதாகப் போட்டு மறுபடி அடித்தார். தவறு. சரி, எந்தப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்ததுதானே பெரிது என்று மகள் பிறந்த நாளை அடித்தார். தவறு. சொந்த வீட்டுக்குக் குடிவந்த நாள், லேபில் அவளுக்கு வேலை கிடைத்த நாள், அதற்கு அவர் அனுமதி கொடுத்த நாள். எல்லாம் தவறு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எவனாவது ஒருத்தன் இருக்கிறானோ? போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

"எங்க இருக்க?"

"செருப்புக் கடையிலதாங்க. இவளுக்கு எதுவும் பிடிக்க மாட்டேங்குது. ஏன், ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல."

பின்னால் மகள் குரல் கேட்டது. கடைக்காரன் குரலும் கேட்டது. பொய் இல்லை. அப்புறம்தான் அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. இதை எப்படி மறந்தோம்! மகள் பள்ளியில் படித்தபோது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, அங்கே தனியாகக் கிடந்தார். மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அங்கேயே இருந்திருந்தால் மேலாளர் பதவி. பெண்டாட்டி பிள்ளை கஷ்டப்படுகிறார்களே என்று அதை உதறிவிட்டுத் திரும்பி வந்தவர். இன்றைக்கும் நாலு பேர் கூடினால் இந்தத் தியாகத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். திரும்பி வந்த தேதியைப் பதமாக, ஒவ்வொரு எண்ணாக அடித்தார்.

தவறு.

"அப்படின்னா நான் போன நாளா?" என்று கணினியைப் பார்த்தே கேட்டார். நக்கலாகத்தான் கேட்டார். நக்கலாகத்தான் அந்தத் தேதியையும் அடித்தார்.

திறந்துகொண்டது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். மூடியிருக்கலாம். மூடுகிற ஜாதியா அவர்?

உள்ளே எவனும் இல்லை. எல்லாம் இந்த வீட்டின் படங்கள். இதே கூடம், ஆனால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவருடைய சாய்வு நாற்காலி பால்கனியில் கிடக்கிறது, அதன்மேல் பூந்தொட்டிகள். படுக்கையறைக் கட்டில் கூடத்து ஜன்னலோரம் வந்திருக்கிறது. அதில் தாயும் மகளும் தலைமாடு கால்மாடாகப் படுத்துப் புத்தகம் படிக்கிறார்கள். தரையில் சப்பணமிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு படத்தில் இருவரும் அந்தக் கட்டிலைத் தள்ளுகிறார்கள். உள்ளே தள்ளுகிறார்களா வெளியே தள்ளுகிறார்களா என்று படத்தில் தெரியவில்லை. ஆனால் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அதை வைத்து யூகிக்கலாம்.

மாதாமாதம் அவர் வந்தபோதெல்லாம் நாற்காலி கூடத்தில்தான் இருந்தது. கட்டில் படுக்கையறையில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேருமாக இழுத்துப் பழைய இடத்தில் போட்டிருக்கிறார்கள். அவர் ரயிலேறியதும் மறுபடி இழுத்திருக்கிறார்கள். அந்த ரயிலடியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நினைத்துக்கொண்டுதானே அவர் அத்தனை நாளும் அங்கே தனியாகப் படுத்துத் தூங்கினார்! எவனாவது ஒருத்தன் இருந்திருந்தால் பரவாயில்லை. சண்டைக்குப் போகலாம், ஊரைக் கூட்டலாம், நியாயம் கேட்கலாம். கட்டில் இடம் மாறியதற்கு எவன் சட்டையைப் பிடிப்பது? அவருக்கு அழுகை வந்தது. அழத் தெரியாமல் இருமினார்.

எல்லாவற்றையும்விட அந்தக் குறிப்புதான் அவரை அறுத்தது. அவள் அசட்டுத்தனமாக எழுதி வைக்கவில்லை. உலகத்தில் எந்தத் தேதியை அடித்தாலும் இதை மட்டும் இவர் அடிக்கவே மாட்டார் என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரைச் சரியாகப் படித்திருக்கிறாள். பூட்டினார். கணினியை அணைத்தார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"மறுபடியும் அந்த ஊருக்கே போறியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

பச்சைப் பொய். அப்படி யாரும் கேட்கவில்லை.

"எப்பங்க?" என்றாள் அவள்.

ஏன் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "இல்ல, திடீர்னு சொல்றீங்களேன்னு கேட்டேன்" என்றாள். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னும் முடிவு பண்ணல."

"மேனேஜர் போஸ்ட்தானே? அப்பவே விட்டுட்டீங்க. எங்களுக்காக எவ்வளவுதான் விட்டுக்கொடுப்பீங்க?" நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அங்க ஓட்டல் சாப்பாடு உங்க வயித்துக்கு ஒத்துக்கல. இந்தத் தடவை ஒரு சின்ன அடுப்பு கொண்டு போயிடுங்க. என்னென்ன வேணும்னு நானே எடுத்து வச்சுடறேன்."

அவள் இவ்வளவு பிரியமாகப் பேசி அவர் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. போதும் என்று தட்டின்மேல் கையைக் குறுக்கே வைத்தார். அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று பரிமாறினாள்.