எழுத்தில்லாத மிட்டாய்

கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தைச் சொல்லும் அரை ஆயுட்காலம் என்ற பாடத்தைத் திறந்தாலே பாதி வகுப்பு கொட்டாவி விடும் என்பது அறிவியல் டீச்சரின் பதினோரு வருட அனுபவம். அதனால் அந்த வருடம் கடையில் போய் ஒரு பை நிறைய பட்டன் மிட்டாய் வாங்கி வந்தாள். சர்க்கரைப் பூச்சுப் பூசி, ஒரு பக்கம் மட்டும் எழுத்து அச்சிட்ட மிட்டாய். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பொறுக்கினாள். நூற்றுக்கு மூன்று நான்கு, அச்சு விழாமல் இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தன. அவை கலந்தால் கணக்கு கெட்டுவிடும். தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினாள்.

மறுநாள் ஆறு குழு, குழுவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, பெட்டிக்கு நாற்பது மிட்டாய்.

"நல்லா குலுக்கித் திறங்க. எழுத்து மேல தெரிஞ்சா அந்த அணு சிதைஞ்சு போச்சுன்னு அர்த்தம், எடுத்து வெளிய வைங்க. மிச்சத்தை எண்ணி எழுதிட்டு மறுபடி குலுக்குங்க. எல்லாம் முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயில போடக் கூடாது."

வகுப்பு களைகட்டிவிட்டது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, "இது என்ன டீச்சர், வகுப்பா மிட்டாய்க் கடையா?" என்று கேட்டுவிட்டுத் தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். பலகையில் எண்கள் இறங்கின. நாற்பது, பத்தொன்பது, பத்து, ஆறு, மூன்று, ஒன்று. ஆறு குழுக்களின் சராசரியைப் போட்டு வரைந்தபோது, கோடு பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் ரேடியோ எழுந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று வகுப்பே வைத்த பெயர் அது. இரண்டு மாதமாக அந்த ரேடியோ வாயைத் திறக்கவில்லை என்பதை டீச்சர் கவனித்திருந்தாள். வயசு அப்படி என்று விட்டுவிட்டாள்.

"கடைசி வரைக்கும் நின்ன மிட்டாய் வேற மாதிரியா டீச்சர்?"

"இல்லம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

"எது நிக்கும்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. ஒரு மிட்டாய் எப்ப போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. நாற்பதுல எத்தனை போகும்னு மட்டும்தான் சொல்லலாம்." நல்ல கேள்வி என்று பாராட்டி, கைதட்டவும் சொன்னாள். ரேடியோ உட்காரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

பத்து நாள் கழித்து ரேடியோவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். தலையில் துணி கட்டியிருந்தாள். அந்தத் துணியின் கீழே முடி இல்லை. ஆசிரியர் அறையின் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"எனக்கு ரத்தத்துல வியாதி டீச்சர். இதுல ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் ஒரு வருஷம் தாண்டுவாங்கன்னு டாக்டர் சொன்னார். இவ கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டா."

டீச்சர் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் மிட்டாயை வச்சுக் குலுக்குறா. ஒண்ணுல மட்டும் சிவப்பு மையில பொட்டு வச்சிருக்கா. அது நான். அது முதல் தடவையே போயிட்டா அன்னைக்குச் சோறு இறங்காது. அஞ்சு தடவை நின்னுட்டா என்னைக் கட்டிப் பிடிச்சுக்குவா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா, எது நிக்கும்னு யாருக்கும் தெரியாதுன்னு டீச்சர் சொன்னாங்கன்றா. உங்க மேல எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. நீங்களே ஏதாவது சொல்லி நிறுத்துங்க."

அன்று மதியம் டீச்சர் ஆய்வகத்தில் ரேடியோவை உட்கார வைத்துப் பேசினாள். மிட்டாய் வேறு, மனுஷி வேறு. மிட்டாய்க்கு மருந்து உண்டா, டாக்டர் உண்டா, பார்த்துக்கொள்ள மகள் உண்டா?

"அந்த ரெண்டு பேரும் மருந்து சாப்பிட்டவங்கதான் டீச்சர். நான் டாக்டர்கிட்டயே கேட்டேன். மருந்து கொடுத்த அப்புறம்தான் எண்ணுறாங்களாம்."

கணக்கு சரி. தானே கற்றுக்கொடுத்த கணக்கு. வகுப்பில் மற்ற முப்பது பேரும் மறந்துபோன பாடத்தை இந்த ஒருத்திதான் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு டீச்சர் செய்ததை நாலு நாள் யோசித்துத்தான் செய்தாள். வீட்டு அலமாரியில் இருந்த சின்ன டப்பாவைத் திறந்து, எழுத்தே விழாத மிட்டாய் ஒன்றை எடுத்து, அதில் சிவப்பு மையால் பொட்டு வைத்தாள். மறுநாள் ரேடியோவை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு தடவை என் முன்னாடி குலுக்கு. அதோட இந்த விளையாட்டை விட்டுடணும். சரியா?"

"உங்க மிட்டாயா டீச்சர்?"

"ஆமா. புதுசு. பொட்டு நானே வச்சிருக்கேன்."

ரேடியோ தலையாட்டினாள். டீச்சர் சொன்னால் சரி என்று நினைக்கிற பிள்ளை. டீச்சர் நாற்பது மிட்டாய் போட்டு நீட்டிய பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். இருபத்திரண்டு போயின, பொட்டு நின்றது. அடுத்ததில் ஒன்பது, பொட்டு நின்றது. ஐந்தாவது தடவை பெட்டிக்குள் பொட்டு வைத்தது மட்டும் தனியாகக் கிடந்தது. பிள்ளையின் முகம் மலர்ந்துகொண்டே போனதைப் பார்த்து டீச்சருக்கும் கண் கலங்கியது. போதும்மா என்றாள். ரேடியோ கேட்கவில்லை. ஆறு. ஏழு. எட்டு. ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஒன்பதாவது தடவை சிரிக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எதையோ கணக்குப் போடுகிறவள் போல உதட்டை அசைத்தாள். பிறகு மிட்டாயை எடுத்து ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எழுத்தே இல்ல டீச்சர்."

கையும் களவுமாகப் பிடிபட்ட டீச்சர், "அச்சு விழாம இருந்திருக்கும்" என்று முனகினாள்.

"நீங்கதானே பொட்டு வச்சீங்க."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். ரேடியோ மிட்டாயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் டீச்சருக்குக் கட்டிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

"அப்போ நீங்களும் அம்மா போயிடுவாங்கன்னுதான் நினைக்கிறீங்க. பொழைச்சுக்குவாங்கன்னு நினைச்சிருந்தா எழுத்து இருக்கறதையே வச்சிருப்பீங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ரேடியோ வீட்டிலும் குலுக்கவில்லை. சலவைக் கடைக்குப் போகிற வழியில் அம்மா பள்ளி வாசலில் நின்று, "விட்டுட்டா டீச்சர், நீங்க சொன்னதும் விட்டுட்டா" என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. அந்தக் கை இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷம் டீச்சருக்கு யுகமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் அம்மா படுத்த படுக்கையானாள். டாக்டர் சொன்ன வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை செய்தி வந்தது. டீச்சர் போனபோது லாரி ஓட்டுகிற அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரேடியோ தட்டில் தம்ளர்களை வைத்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கும் கொடுத்தாள், யாரோ ஒருத்திக்குக் கொடுப்பது போல.

மூன்று வாரம் கழித்து அத்தை வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கினாள். இனிமேல் பிள்ளை அத்தையின் ஊரில்தான் படிக்கும். அத்தை உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, ரேடியோ வராந்தாவில் நின்றாள். டீச்சர் கிட்டே போனாள். சொல்ல வேண்டியதை நாள்கணக்கில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் சரிந்து விழுந்து ஒன்றுதான் மிஞ்சியது.

"நான் செஞ்சது தப்பும்மா."

"தப்பு இல்ல டீச்சர். நீங்க நினைச்சதுதானே நடந்துச்சு."

குத்திக்காட்டவில்லை. சரியான விடைக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி, அவ்வளவு நியாயமாகச் சொன்னாள். அதுதான் டீச்சருக்குத் தாங்க முடியாமல் போனது.

அத்தை வெளியே வந்து, "டீச்சர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன் அத்தை."

இருவரும் படியிறங்கினார்கள். அடுத்த பீரியடுக்கு மணி அடித்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், உங்க வகுப்பு" என்று கூப்பிட்டுப் பார்த்தது. டீச்சர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றதால் அது திரும்பிப் போனது.